அத்தியாயம் பதினொன்று: தூக்காத கை

சென்ற வாரம் நாம் பிரியும்போது அப்பா சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு வாரமாக மனிதர் அப்படியே நிற்கிறார். முதலில் அவரை விடுவிப்போம்.

மேசை கூடத்தின் நடுவுக்கு வந்து சேர்ந்தது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உலகத்தைத் திருத்தறதெல்லாம் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ரூம் வாடகைக்குப் பிடிக்கக் கூடாதா?"

மாதம் ஒருமுறை அவர் இதைக் கேட்பார். மாதம் ஒருமுறை அம்மா பதில் சொல்லாமல் நாற்காலிகளைத் துடைப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இது ஒரு வகையான பேச்சுவார்த்தை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு மொழிபெயர்ப்பாளர். உலக விவகார மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றதும் தூண் வைத்த கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். வெளிநாடுகளில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி நம் அரசாங்கம் வாயைத் திறக்க வேண்டும் என்று மனு போடுவது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாசலில் காத்துக் கிடப்பது, அறிக்கை விடுவது, அதைப் பத்திரிகைகள் போடாவிட்டால் வருத்தப்படுவது. இவ்வளவுதான் வேலை. அதன் நிர்வாகக் குழு கூடுவது இந்தச் சாப்பாட்டு மேசையில். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீ உண்டு.

அந்தக் குழுவில் ஓர் இடம் காலி. அதற்கு இன்றைக்கு நேர்காணல். விண்ணப்பித்திருப்பவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர், இந்த வீட்டின் முன்னாள் மாப்பிள்ளை.

மகள் பல் டாக்டர். விவாகரத்துக்குப் பிறகு இரண்டு பெட்டிகளோடு மாடி அறைக்குத் திரும்பி வந்தவள். முன்னாள் கணவர் விண்ணப்பித்த செய்தி கேட்ட அன்று அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"அவர் மாசா மாசம் இந்த மேசைல வந்து உக்காருவார்னா, நான் வேற வீடு பார்த்துக்கறேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அம்மா சமாதானம் சொல்லியிருப்பார். அவள் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அம்மா அதை நம்பினார்.

இன்று காலையிலும் அதே கைப்பை, அதே தேடல். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"பத்துக்கு மேல. உனக்கு எத்தனை மணிவரைக்கும் கிளினிக்?" என்றார் அம்மா.

"பயப்படாத. சாயந்திரம் வரைக்கும் வாயைப் பார்த்துட்டுதான் இருப்பேன். முகத்தைப் பார்க்க வரமாட்டேன்."

போய்விட்டாள். அப்பா டீத் தம்ளர்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். எதைச் சொன்னாலும் தப்பாகும் நாள் இது என்று அவருக்குத் தெரியும். அப்படியான நாட்களில் அவர் சமையலறையை விட்டு வரமாட்டார்.

*

தேர்வுக் குழுவில் நான்கு பேர். தலைமை அம்மா. அடுத்தவர் வக்கீல், மன்றத்தின் விதிமுறைகள் முழுவதும் அவர் கைவண்ணம். அப்புறம் புவியியல் பேராசிரியர், வரைபடம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். நான்காவது ஆள் ஓய்வு பெற்ற நர்ஸ். போர் நடந்த இடங்களில் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு, கேள்வி கூர்மை.

எல்லோரும் உட்கார்ந்ததும் அம்மா முதல் காரியமாகத் தன்னை விலக்கிக்கொள்ளப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆள் வரும்போது நான் மாடிக்குப் போயிடறேன். அதுதான் முறை."

"உறவினர்னா போகணும். அவர் உங்களுக்கு இப்ப யாரு?" என்றார் வக்கீல்.

அம்மா மாடிப்படிப் பக்கம் பார்த்தார்.

"சட்டப்படி யாரோ. அதோட, நீங்க எழுந்து போனா நாங்க மூணு பேர்தான். நாலு பேர் இல்லாம கூட்டம் செல்லாது. அதையும் நான்தான் எழுதி வெச்சேன்" என்று வருத்தத்தோடு சேர்த்தார் வக்கீல்.

தேசங்கள் இரண்டாகப் பிரிந்தால் பழைய ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த மனிதர் அவர். தம்பதிகள் பிரிந்தால் மாமியாரை என்ன செய்வது என்று ஒரு வரி எழுத அவருக்குத் தோன்றவில்லை. தூரத்தில் இருப்பதையே பார்த்துப் பழகியவர்களுக்கு வரக்கூடிய கோளாறு இது.

மன்றத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தேர்வுக் குழுவில் ஒருவர் 'எதிர்ப்பக்கம்' நிற்க வேண்டும். பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், இவர் ஏன் வேண்டாம் என்று அவர்தான் வாதாட வேண்டும். யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள்.

அப்பா ஒரு தம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் ஆளுக்கு நர்ஸ். இரண்டாவது ஆளுக்கு அம்மா.

"மறுபடியும் குலுக்கலாமா?" என்றார் பேராசிரியர், இரக்கப்பட்டு.

"வேண்டாம். வந்தது வந்தபடி இருக்கட்டும்" என்றார் அம்மா.

சொன்ன குரலில் ஒரு அவசரம் இருந்தது. அவருக்கு அந்தச் சீட்டு பிடித்திருந்தது என்பதை அந்த அறையில் நர்ஸ் மட்டும் கவனித்தார்.

*

முதல் வேட்பாளர் பயண ஏஜென்சி வைத்திருப்பவர். பூமியில் அவர் கால் படாத இடம் குறைவு. பட்ட இடங்களிலும் பெரும்பாலும் விமான நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் நடுவில்தான் பட்டிருந்தது. பேராசிரியர் மட்டும் அவரை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலக நடப்புல உங்களைத் தூங்க விடாம செய்யற விஷயம் எது?" என்று கேட்டார் நர்ஸ்.

"நேர வித்தியாசம்தாங்க. ஊருக்குத் திரும்பி வந்து நாலஞ்சு நாளைக்குக் கண்ணை மூட முடியாது."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார். எதிர்ப்பக்கம் வாதாட அவருக்கு இனிமேல் அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து அழைப்பு மணி அடித்தபோது அப்பாதான் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் வாயில் வந்தது வந்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை!"

கூடத்தில் நான்கு தலைகள் திரும்பின. அப்பா சமையலறைக்குத் திரும்பி ஓடினார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரிந்திருந்தும், தெரியாதவர் போல நின்றார்.

அவரைக் கப்பல்காரர் என்று வைத்துக்கொள்வோம். தொழில் அதுதான். எங்கேயாவது ஒரு கப்பல் தரை தட்டினால், தீப்பிடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ச் சேதத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். மன்றம் இந்த வருஷம் கையில் எடுத்திருக்கும் பிரச்சினையும் கப்பல்தான். முதலாளிகள் கைவிட்டு ஓடிப்போக, அந்நியத் துறைமுகங்களில் சோறு தண்ணீர் இல்லாமல் கப்பலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும் மாலுமிகள். அடுத்த மாதம் அமைச்சரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. கப்பலுக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் மன்றத்தில் ஒருவர்கூட இல்லை.

அவரை விட்டால் ஆள் இல்லை என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்விகள் தொடங்கின. துறைமுகச் சட்டம், முதலாளிகள் கப்பலை வேறு நாட்டில் பதிந்து கொடி மாற்றிக்கொள்ளும் தந்திரம், யாரிடம் மனு கொடுத்தால் காரியம் நடக்கும், யாரிடம் கொடுத்தால் ஃபைலில் தூங்கும். எல்லாவற்றுக்கும் நேரான பதில்கள். பேராசிரியர் வரைபடத்தை விரித்து ஒரு துறைமுகத்தைத் தேட, கப்பல்காரர் பார்க்காமலேயே விரலை வைத்தார்.

அப்போதுதான் வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கைவிடப்பட்ட ஒரு கப்பல்ல நீங்க கூடவே இருந்து அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பி வெச்சீங்களே. பத்திரிகைலகூட வந்துச்சு. உங்க விண்ணப்பத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு இது நினைவிருக்கும். இரண்டு நாள் வேலை என்று போனவர் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கப்பலில் இருந்தார். அந்த மாதத்தில்தான் இங்கே மகளின் வயிற்றில் இருந்த ஆறு மாதக் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தது அம்மா.

கப்பல்காரர் தண்ணீர்த் தம்ளரை அங்கிருந்து இங்கே நகர்த்தினார்.

"எழுதத் தோணலைங்க."

"அடக்கமா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். அந்த நாள்ல நான் இருக்கவேண்டிய இடம் வேற. நான் வந்துட்டா அந்த ஆளுங்களைத் திரும்பிப் பார்க்க நாதி கிடையாது. ரெண்டுல ஒரு இடத்துலதான் இருக்க முடியும், நான் அங்க இருந்தேன். அது தப்புன்னு இன்னைக்கும் எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அதைக் காட்டி இந்த வீட்டுல ஒரு நாற்காலி கேக்க எனக்கு வாய் வரலை."

அம்மா தன் கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். மனதில் இருப்பது கோபமா, பரிதாபமா என்று கேட்டால் அவரால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. இந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தார்.

"கடைசியா ஒரு கேள்வி. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்றார், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "மாசா மாசம் கூட்டத்துக்கு வர முடியுமா?"

"கப்பல் எங்க தட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. முடிஞ்ச வரைக்கும் வரப் பாக்கறேன்."

பொய் சொல்லத் தெரியாதவர்களை நேர்காணல் செய்வதில் இதுதான் சிரமம்.

*

கிளினிக்கில் தண்ணீர் மோட்டார் பழுதானது யாருடைய சதியும் இல்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லாமல் பல் டாக்டர் என்ன செய்வது? நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு மகள் கிளம்பினாள். எங்கேயாவது உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். கால் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டது.

தெருமுனையில் பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார்.

தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் இருவரும் பார்த்துவிட்டார்கள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"ம். நீ... கிளினிக் இல்லையா?"

"மோட்டார் ரிப்பேர். நீங்க எப்படி இருக்கீங்க?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீ' என்று கூப்பிட்டவள், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 'நீங்க' என்கிறாள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைத்தது. அவள் அதற்காகச் சொல்லவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"நல்லா இருக்கேன்."

"நல்லா இல்ல. பேசும்போது இடது பக்கம் இழுக்கறீங்க. கடைசிப் பல்லா?"

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா வலி. தானா சரியாயிடும்னு..."

"ஆகாது. யாராவது டாக்டரைப் பாருங்க." கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "வேற டாக்டரை" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் அப்புறம் நிறைய அழ வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் விண்ணப்பிச்சது உனக்குக் கஷ்டம்னு தெரியும். அந்த மாலுமிங்க விஷயம் அமைச்சர்வரைக்கும் போகுதுன்னு கேள்விப்பட்டேன், அதான் மனசு கேக்கலை. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே போன் பண்ணி வாபஸ் வாங்கிக்கறேன்."

"அதை என் தலைல கட்டாதீங்க."

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்றீங்க. நான் வேண்டாம்னு சொன்னா, அந்த மாலுமிங்க பட்டினி கிடக்கறதுக்கு நான் காரணம். வேணும்னு சொன்னா, எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தம். எனக்கு ரெண்டும் வேண்டாம். வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க, நீங்களே சுமங்க."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போனது.

"வாபஸ் வாங்கலை" என்றார்.

"சரி" என்றாள். "வலது பக்கமா மெல்லுங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீட்டுக்குப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, சமையலறை வழியாக உள்ளே நுழைந்தாள். அப்பா அவளைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். கூடத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தது.

*

எதிர்ப்பக்கம் வாதாட அம்மா எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம், அவருக்கு அது போதவில்லை.

முதலில் சொன்ன இரண்டு காரணங்கள் நியாயமானவை. அடிக்கடி வெளியூர் போகிறவர். அதோடு, இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் சம்பளம் வாங்குகிறவர். கப்பல் முதலாளிகளை எதிர்த்து நிற்க வேண்டிவந்தால் தர்மசங்கடம். அத்துடன் உட்கார்ந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் அம்மா. "இவர் கூப்பிட்டா வர்றவர்தான். ஆனா யார் கூப்பிட்டா வருவார்னு பாக்கணும். முன்னப்பின்னத் தெரியாதவங்க கூப்பிட்டா கடல் தாண்டி ஓடுவார். பக்கத்துல இருக்கறவங்க கூப்பிட்டா, ரெண்டு நாள் பொறுத்துக்கோம்பார். நாளைக்கு நாம இவரைக் குழுல சேர்த்துக்கிட்டா, நாமளும் இவருக்குப் பக்கத்துல இருக்கறவங்க ஆயிடுவோம்."

சமையலறையில் மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "மேடம், நேர்காணல்ல வந்ததை வெச்சுத்தான் வாதாடணும்."

"அவரே சொன்னாரே, இருக்கவேண்டிய இடம் வேறன்னு. அதைத்தான் சொல்றேன்."

வக்கீலுக்கு மறுக்க வழியில்லை. பேராசிரியர் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார். அவர் மனம் மாறிவிட்டதென்று அதிலேயே தெரிந்தது.

வாக்கெடுப்பு. நான்கு பேரில் மூன்று பேர் கை தூக்கினால்தான் தேர்வு. பயண ஏஜென்சிக்காரருக்குப் பேராசிரியர் மட்டும் தூக்கினார். அவருடைய கதை முடிந்தது.

கப்பல்காரருக்கு முதலில் நர்ஸ் கை தூக்கினார். அடுத்து வக்கீல். பேராசிரியர் தலையை ஆட்டி, "செயலாளர் சொன்னதுல பாயின்ட் இருக்கு. நான் வேண்டாம்னுதான் சொல்வேன்" என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் இரண்டு கைகளும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"மேடம்?" என்றார் வக்கீல்.

"நான் ஓட்டுப் போடலை."

"வேண்டாம்னு எழுதிக்கலாமா?"

"இல்ல. வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. நான் ஒதுங்கிக்கறேன். அவர் விஷயத்துல நான் நடுநிலையா இருக்கறதுதான் நியாயம்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நல்ல மனிதர். ஆனால் ஞாபக சக்தி அதிகம்.

"போன வருஷம் அந்தப் போர்நிறுத்தத் தீர்மானத்துல நம்ம அரசாங்கம் ஓட்டுப் போடாம ஒதுங்கினப்போ, நம்ம மன்றம் ஒரு அறிக்கை விட்டுச்சு. 'ஒதுங்கி நின்றவர்களும் ஓட்டுப் போட்டவர்களே. எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல மட்டும் அவர்களுக்குத் தைரியம் இல்லை.'"

"தெரியும்" என்றார் அம்மா. "நான்தான் எழுதினேன்."

"உங்க ஒரு கை இல்லாம அவர் தோத்துப்போறார். அதுவும் தெரியும்ல?"

நர்ஸ் அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தார்.

"வேண்டாம்னே சொல்லியிருக்கலாம். யாரும் உங்களைத் தப்பா நினைச்சிருக்க மாட்டோம்."

"சொல்ல முடியலை. அவர் நல்ல ஆள்."

"அப்போ வேணும்னு சொல்லலாமே."

"அதுவும் முடியலை."

இந்த மன்றத்தில் எந்த முடிவையும் அன்றைக்கே வெளியில் சொல்வதில்லை. மறுநாள் காலை இன்னொரு முறை கூடி, மறுபடியும் கை தூக்கி, அதற்கப்புறம்தான் அறிவிப்பு. கோபத்தில் எடுத்த முடிவும் தூக்கக் கலக்கத்தில் எடுத்த முடிவும் ஒரு ராத்திரியில் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. நாளைக் காலை பத்து மணி என்று குறித்துக்கொண்டு மூவரும் எழுந்தார்கள். வாசலில் வக்கீல் செருப்பைத் தேடிக்கொண்டே, "நாற்காலியைக் காலியா வெச்சுக்கிட்டு அமைச்சர்கிட்ட என்ன பேசப்போறோம்?" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாதபடி கேட்டார்.

*

அவர்களை வழியனுப்பிவிட்டு அம்மா திரும்பி வந்தபோது மகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால், சமையலறை வாசலில், ஈரத்துணியோடு அப்பா.

"எப்ப வந்த?"

"நீ எழுந்து நின்னு பேசும்போது."

"அதுக்கு முன்னாடி அவர் என்ன சொன்னார்ங்கறது இவளுக்குத் தெரியாது" என்றார் அப்பா. "நான் சொல்லிட்டேன். அந்தக் கப்பல் விஷயத்தை எழுதாம விட்டது, ஏன் எழுதலைன்னு சொன்னது, எல்லாத்தையும். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பெரும்பாலும் உட்கார்ந்தேதான் இருந்தார் என்றாலும் இப்போதுதான் உட்கார்ந்தது போல இருந்தது.

"உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்காக என்னம்மா செஞ்ச?"

கேட்ட குரல் உயரவில்லை. அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்? அவர் வந்தா நான் போயிடுவேன்னு சொன்னேன். அது தப்பா இருக்கலாம், அநியாயமா இருக்கலாம். ஆனா சொன்னேன். நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா, பாவம், அம்மா எனக்காக ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துட்டாளேன்னு ஒரு மாசம் உன் முகத்தைப் பார்க்க முடியாம இருந்திருப்பேன். வேணும்னு தூக்கியிருந்தா ஒரு மாசம் உன்கூட சண்டை போட்டிருப்பேன். ரெண்டுலயும் அப்புறமா உன்கிட்ட வந்திருப்பேன்."

"நான் உன்னைக் காயப்படுத்தக் கூடாதுன்னு..."

"அவரும் அதைத்தான் சொன்னார்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஆஸ்பத்திரிலேருந்து நான் தினமும் போன் பண்ணேன். தினமும் 'ரெண்டு நாள்ல வந்துடறேன்'னார். வரமாட்டேன்னு சொன்னா நான் தாங்க மாட்டேனாம். வரமாட்டேன், இங்க இத்தனை பேர் சாகக் கிடக்காங்கன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்மா. தினமும் வாசலைப் பார்த்துட்டுப் படுத்திருந்ததைத்தான் தாங்க முடியலை."

அப்பா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். அம்மா அழவில்லை. அழுதால் மகள் வந்து தேற்ற வேண்டியிருக்கும், இன்றைக்கு அது அவளுடைய வேலை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அந்த அளவுக்காவது அவர் நியாயமானவர்தான்.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடியும் கூடறீங்கல்ல?"

"ஆமா."

"பொது உறுப்பினர் யார் வேணும்னாலும் வந்து, வேட்பாளரைப் பத்திப் பேசலாம்னு விதி இருக்குல்ல? நான் காலேஜ் சேர்ந்த வருஷமே என் பேரை நீ மன்றத்துல சேர்த்துவிட்ட."

அம்மா மெதுவாகத் தலையசைத்தார். விதி இருந்தது. இதுவரை யாரும் அப்படி வந்ததில்லை.

"நான் வந்து பேசறேன்."

"எந்தப் பக்கம்?" அம்மா எழுந்தே விட்டார். "அதை மட்டும் சொல்லிடும்மா. ஆதரவாவா, எதிராவா? நீ எது சொன்னாலும் நான் அதுக்கே கை தூக்கறேன்."

மகள் மாடிப்படியில் ஒரு கால் வைத்துவிட்டு நின்றாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு நோயாளியிடம், வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் டாக்டரின் பார்வை.

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ என் கையைத்தான் தூக்குவ. நாளைக்கு நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ உன் கையைத் தூக்கு. எனக்கு எதிரா இருந்தாலும் சரி."